எண்ணெய் மணலில் இரண்டடி தூரம்

திருச்சியில் புல்லே இல்லாத கோல்ஃப் மைதானம் ஒன்று இருக்கிறது என்று என் மச்சினன் சேகர் தொலைபேசியில் சொன்னபோது, வழக்கம்போல வம்புக்கு இழுக்கிறான் என்றுதான் நினைத்தேன். நான் மலாய் நாட்டு ஈப்போக்காரன். எங்கள் ஊரில் மழைக்கு நேரம் காலம் கிடையாது. மைதானத்தில் ஒரு பக்கம் புல்லை வெட்டிக்கொண்டு போனால் மறுபக்கம் வளர்ந்து நிற்கும். புல் இல்லாத கோல்ஃப் என்றால் தண்ணீர் இல்லாத நீச்சல் குளம் மாதிரிதானே? "நம்பலேன்னா மட்டையைத் தூக்கிக்கிட்டு வாங்க மச்சான்" என்றான். தூக்கிக்கொண்டு போனேன்.

போன காரணம் வேறு. சேகரின் மகள் நித்யா பல் டாக்டர். ஸ்ரீரங்கத்தில் அம்மா மண்டபம் சாலையில், ஒரு பாத்திரக் கடைக்கு மாடியில், சொந்தமாகக் கிளினிக் திறக்கிறாள். வெள்ளிக்கிழமை காலை நல்ல நேரத்தில் முதல் பல்லை நான் பிடுங்கிக் கொடுக்க வேண்டும் என்பது குடும்பத்தின் தீர்மானம். எனக்குக் கைராசி உண்டாம்.

இந்தக் கைராசிப் பட்டம் என் மாமனார் கொடுத்தது. எனக்குக் கல்யாணமான புதிதில் அவருடைய கடைவாய்ப் பல் ஒன்றைப் பிடுங்கினேன். "எப்ப மாப்ள பிடுங்கப் போறீங்க?" என்று அவர் கேட்டபோது பல் தட்டில் கிடந்தது. மனிதர் அதைத் தெரு முழுக்கச் சொல்லி, தெரு அதை ஊர் முழுக்கச் சொல்லி, அவர் போய்ச் சேர்ந்து பல வருஷமான பிறகும் என் வலது கைக்குத் திருவானைக்காவலில் தனி மரியாதை இருக்கிறது. முப்பத்து நாலு வருஷமாக ஈப்போவில் பல் வைத்தியம் பார்க்கிறேன். அங்கே யாரும் என் கையை இப்படிக் கொண்டாடியதில்லை. படித்தது சென்னையில்தான் என்பதால் இங்கே ஒரு பல்லில் கை வைப்பது எனக்கு அந்நியமாகவும் படவில்லை. உள்ளூர ரொம்பப் பெருமையாகவே இருந்தது.

செவ்வாய்க்கிழமை வந்து இறங்கினோம். சேகரின் சின்னக் காரில் நானும் என் மனைவி கமலாவும் எங்கள் பெட்டிகளும் அடங்கிவிட்டோம். கோல்ஃப் பை அடங்கவில்லை. கயிறு வாங்கிக் கூரைமேல் கட்டினான். காவிரிப் பாலத்தின் நடுவில் பின்னாலிருந்து விடாமல் ஒரு ஹாரன். ஒரு மோட்டார் சைக்கிள்காரர் பக்கத்தில் வந்து, ஒரு கையால் வண்டியை ஓட்டியபடி, இன்னொரு கையில் என்னுடைய ஐந்தாம் நம்பர் மட்டையை நீட்டினார்.

"சார், உங்க ராடு விழுந்துருச்சு. பைப்பு வேலையா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்த மட்டை யார் தலையிலாவது விழுந்திருந்தால்? சேகர் சிரித்துக்கொண்டே வாங்கிக் காருக்குள் என் மடியில் போட்டான். ஈப்போவில் இப்படி நடந்திருந்தால் போலீஸ் அறிக்கை எழுதியிருப்பார்கள். இங்கே அவர் நன்றிகூட எதிர்பார்க்காமல் மாம்பழச் சாலைப் பக்கம் திரும்பிப் போய்விட்டார்.

வீட்டில் இலை போட்டுச் சாப்பாடு. நடுவில் ஒரு தாம்பாளம் நிறைய மணப்பாறை முறுக்கு. ஒன்றை எடுத்து உடைத்துப் பார்த்தேன். எங்கள் தொழிலுக்கு இதைவிடப் பெரிய ஆதரவாளர் கிடையாது. "வெள்ளிக்கிழமை உங்க பேஷண்ட்டே இந்த முறுக்குல பல்லை ஒடச்சுக்கிட்டவர்தான் மச்சான். நாளைக்குக் காலைல நம்மகூட ஆட வராரு, பாருங்க" என்றான் சேகர்.

புதன்கிழமை விடிந்ததும் போனோம். மன்னார்புரம் தாண்டி, வேப்ப மரங்களுக்கு நடுவே ஒன்பது குழிகள் கொண்ட மைதானம். சேகர் வம்புக்கு இழுக்கவில்லை. உண்மையிலேயே புல் இல்லை. செம்மண், சரளை, அங்கங்கே காய்ந்த கோரை. ஒரு ஆட்டுக்கூட்டம் எங்களுக்கு முன்னால் நிதானமாக முதல் குழியைக் கடந்து போனது. குழியைச் சுற்றி எங்கள் ஊரில் கம்பளம் மாதிரிப் புல் இருக்கும் இடத்தில், இங்கே எண்ணெய் ஊற்றிப் பிசைந்த மணல் வட்டம். மற்ற ஊர்களில் 'கிரீன்' என்பதற்கு இங்கே பெயரே 'பிரௌன்'. பந்து அந்த வட்டத்தில் ஏறியதும் செல்வராணி என்ற பெண்மணி ஒரு கனமான சாக்கைக் கயிறு கட்டி இழுத்து, பந்துக்கும் குழிக்கும் நடுவே பாதை போட்டுக் கொடுக்கிறார். ஆளுக்கொரு பாதை. அதில்தான் உருட்ட வேண்டும்.

அங்கேதான் அன்வர் பாயைச் சந்தித்தேன். அறுபது வயது இருக்கும். பெரிய கடை வீதியில் இரும்புச் சாமான் கடை. அதற்கு முன்னால் துபாயில் ஒரு கோல்ஃப் மைதானத்தில் பதினாறு வருஷம் புல் வெட்டியவர். முதலாளிகள் ஆடுவதைப் பார்த்தே ஆடக் கற்றுக்கொண்டாராம். கன்னம் லேசாக வீங்கியிருந்தது.

"வாங்க டாக்டர். வெள்ளிக்கிழமை உங்க கையாலதான் எனக்கு விடிவுகாலம்" என்று என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

முதல் குழியில் நான் அடித்த முதல் அடி நேராகப் பறந்தது. இரண்டாவது சரளையில் பட்டு எகிறி ஓடியது. மூன்றாவதில் பந்து பிரௌனில் ஏறி, அடுத்த உருட்டலில் குழிக்கு இரண்டடி தள்ளி நின்றது. நான் பாட்டுக்குக் குனிந்து பந்தை எடுக்கப் போனேன்.

"எடுக்காதீங்க டாக்டர்" என்றார் பாய்.

"ஏன் பாய்?"

"உருட்டணும்ல?"

இதை வாசகர்களுக்கு விளக்க வேண்டும். எங்களை மாதிரிப் பொழுதுபோக்குக்கு ஆடுகிறவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. பந்து குழிக்குப் பக்கத்தில் வந்துவிட்டால் கூட ஆடுபவர்கள் "கொடுத்தாச்சு" என்பார்கள். மீதி ஒரு அடியைக் கணக்கில் சேர்த்துக்கொண்டு பந்தை எடுத்துவிடலாம். ஈப்போவில் நானும் ஓங், ஹாஷிம், தேவா மூவரும் ஞாயிறு தவறாமல் ஆடுகிறோம். என் பந்து இரண்டு மூன்றடிக்குள் வந்தாலே மூவரும் சேர்ந்திசையாக "கொடுத்தாச்சு டாக்டர்" என்பார்கள். அந்த தூரத்தில் கடைசியாக எப்போது உருட்டினேன் என்று எனக்கே ஞாபகமில்லை.

"இங்க யாருக்கும் யாரும் குடுக்கறதில்ல. உள்ள தகர டப்பா வெச்சிருக்கோம். டங்குன்னு சத்தம் கேக்கணும்" என்றார் பாய்.

செல்வராணி சாக்கை இழுத்துப் பாதை போட்டார். இரண்டடி. ஒரு குழந்தை துடைப்பத்தால் தள்ளினாலும் விழுந்துவிடும். நின்றேன், பார்த்தேன், உருட்டினேன். பந்து குழிக்கு வலது பக்கமாக ஒரு சாண் தள்ளிப் போய் நின்றது. மணல் புதுசு, பழகவில்லை என்று சொன்னேன். எல்லோரும் ஆமாம் என்றார்கள்.

இரண்டாவது குழியிலும் அதே இரண்டடி. இப்போது என் தலைக்குள் யாரோ பேச ஆரம்பித்தார்கள். போன தடவை வலது பக்கம் போச்சு, இந்தத் தடவை இடது பக்கம் பார். ரொம்பப் பார்க்காதே. மெதுவாக. பாய் பார்க்கிறார். வெள்ளிக்கிழமை அவருக்குப் பல் பிடுங்கப் போகிறவன் நீ. பந்து இடது பக்கமாகப் போனது.

கோல்ஃப் பந்து நின்ற இடத்தில் நிற்கிறது. யாரும் எறிவதில்லை, துரத்துவதில்லை. அடிக்கிறவனுக்கு யோசிக்க வேண்டிய மட்டும் நேரம் இருக்கிறது, அதுதான் ஆபத்து. ஓடி ஆடுகிற ஆட்டங்களில் மனசுக்குப் பேச அவகாசம் கிடைப்பதில்லை. இங்கே இரண்டடிக்கு முன்னால் நிற்கும் பத்து விநாடிக்குள் ஒரு பட்டிமன்றமே நடந்து முடிந்துவிடுகிறது. நாலாவது குழிக்கு வந்தபோது நான் பந்தைப் பார்க்கவே பயந்தேன். அறுபத்திரண்டு வயசு. கோழி முட்டையைவிடச் சின்னதாக ஒரு வெள்ளை உருண்டை. அதைப் பார்த்து எனக்கு வாய் உலர்ந்தது.

"சார், அடிக்கிறதுக்கு முன்னாடியே குழியப் பாத்துடறீங்க. கண்ணு போனா கையும் பின்னாலயே போவுது" என்றார் செல்வராணி, சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டு. நாள் முழுக்க எத்தனையோ பேர் தவறவிடுவதைப் பார்ப்பவர் அவர். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. தலையைக் குனிந்தே அடித்தேன். அதுவும் போகவில்லை.

ஏழாவது குழியில் உச்சம். இரண்டடியில் மூன்று முறை தவறவிட்டேன். இந்தப் பக்கம் போய், அந்தப் பக்கம் போய், மறுபடி இந்தப் பக்கம். செல்வராணி மூன்று முறை பாதை போட்டார். சேகர் பாவம் பார்த்து, ஸ்கோர் எழுதும் பாயிடம், "ஆறு போட்டுக்குங்க பாய்" என்றான்.

"எட்டு! எட்டு அடிச்சேன். எட்டுன்னு எழுதுங்க" என்று கத்தினேன். வேப்ப மரத்திலிருந்து இரண்டு காக்கைகள் பறந்தன. பாய் எட்டு என்று எழுதினார்.

ஒன்பது குழிக்கும் சேர்த்து ஐம்பத்தாறு. ஈப்போவில் நான் நாற்பத்து மூன்றுக்கு மேல் போனதில்லை. ஒன்பதில் ஏழு குழிகளில் இரண்டடியைத் தவறவிட்டிருந்தேன்.

ஆனால் உண்மையான அதிர்ச்சி அதற்குப் பிறகுதான். பாய் கடை திறக்கப் போய்விட்டார். நானும் சேகரும் வழியில் ஒரு ஹோட்டலில் பொங்கலும் வடையும் சாப்பிட உட்கார்ந்தோம். மிளகும் நெய்யும் மணக்கும் பொங்கல், இரண்டு சட்னி, கொத்சு. எங்கள் ஊரில் பொங்கல் கேட்டால் தைப்பொங்கலுக்கு வரச் சொல்வார்கள். முதல் கவளம் வாயில் போனபோது சேகர் போனை நீட்டினான். ஏழாவது குழியில் என்னை வீடியோ எடுத்திருக்கிறான், வீட்டில் காட்டிச் சிரிக்க.

பார்த்தேன். மட்டை மெதுவாகப் பின்னால் போகிறது. கை கல் மாதிரி நிற்கிறது. மட்டை பந்தைத் தொடுவதற்கு அரை நொடி முன்னால் என் வலது மணிக்கட்டு வெடுக்கென்று துள்ளுகிறது, யாரோ கயிறு கட்டி இழுத்த மாதிரி. மறுபடி போட்டுப் பார்த்தேன். மூன்று முறையும் அதே துள்ளல், அதே இடத்தில்.

எனக்கு உடம்பு குளிர்ந்துபோனது. துள்ளியதற்காக மட்டும் இல்லை. துள்ளியதை நான் உணரவே இல்லை. மைதானத்தில் நிற்கும்போது என் கை ஆடாமல் அசையாமல் இருந்ததாகத்தான் சத்தியம் செய்திருப்பேன்.

"என்ன மச்சான், பொங்கல் ஆறுது" என்றான் சேகர். இந்தக் கை வெள்ளிக்கிழமை பாயின் வாய்க்குள் ஊசியோடு போகப்போகிறது என்பது அவனுக்குத் தோன்றவே இல்லை. எனக்கு அதைத் தவிர வேறு எதுவும் தோன்றவில்லை.

வியாழக்கிழமை காலை கமலாவும் நித்யாவும் பெரிய கோயிலுக்குப் புறப்பட்டார்கள். எனக்குத் தலைவலி என்று சொல்லி வீட்டில் இருந்துகொண்டேன். அறைக் கதவைச் சாத்திவிட்டு, ஒரு எவர்சில்வர் டம்ளரைத் தரையில் படுக்கவைத்து, இரண்டடி அளந்து, பந்தை உருட்டினேன். விழுந்தது. மறுபடி விழுந்தது. இருபது உருட்டினேன், இருபதும் டம்ளருக்குள். கட்டிலில் உட்கார்ந்து சிரித்தேன். கையில் ஒன்றுமில்லை, எல்லாம் மனசு!

இருபத்தொன்றாவதை உருட்டப்போகும்போது கதவு திறந்தது. கமலா மணிபர்ஸை மறந்துவிட்டுத் திரும்பி வந்திருக்கிறாள்.

"என்னங்க, டம்ளரை வெச்சுக்கிட்டு என்ன பண்றீங்க? தலைவலின்னீங்க?"

"ஒண்ணுமில்ல, நீ போ."

அவள் போகவில்லை. இடுப்பில் கை வைத்துப் பார்த்துக்கொண்டு நின்றாள். உருட்டினேன். பந்து டம்ளரைச் சீண்டக்கூட இல்லாமல் அலமாரிக்கு அடியில் போய்விட்டது.

ஆக, தனியாக இருந்தால் கை நிற்கிறது. பார்க்க ஆள் இருந்தால், காரியம் முக்கியமானால், துள்ளுகிறது. ஒரு நிமிஷம் ஆறுதலாக இருந்தது. அடுத்த நிமிஷம் வேறு ஒன்று உறைத்தது. பல் டாக்டரின் நாற்காலியில் படுத்திருப்பவர் என்ன செய்துகொண்டிருப்பார்? கண்ணை அகல விரித்து என் கையையேதான் பார்த்துக்கொண்டிருப்பார்.

வீட்டுக்குள் இருக்க முடியவில்லை. சத்திரம் பஸ் நிலையத்துக்குப் போகும் ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் ஏறினேன். எங்கே போகிறேன் என்று எனக்கே தெரியாது. காலை நேரக் கூட்டம். ஒரு பூக்காரம்மா கூடையை என் காலில் வைத்துவிட்டு, "கொஞ்சம் பாத்துக்கங்க தம்பி" என்று உரிமையோடு சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் நகர்ந்துகொண்டார். எனக்கு முன்னால் இருந்த இரண்டு பேர் முழங்கால் வலிக்குக் கைராசியான ஒரு டாக்டரைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தார்கள். பாலத்தின் மேல் போக்குவரத்து நின்றுவிட்டது. காவிரியில் தண்ணீர் ஒரு ஓரமாக ஓடிக்கொண்டிருந்தது. அங்கே நின்றபடியே ஓங்கைக் கூப்பிட்டேன். அவர் மலாயில் சொன்னதைத் தமிழில் எழுதுகிறேன்.

"ஓங், எனக்கு ஏன் இரண்டடி எல்லாம் கொடுத்துவிடுகிறீர்கள்?"

"நண்பர்கள்தானே, டாக்டர்."

"தேவாவுக்கு நீங்கள் கொடுத்து நான் பார்த்ததில்லை."

"உங்களுக்கு யார் சொன்னது?" என்றார்.

"எத்தனை நாளாக?"

"மூன்று வருஷம் இருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை நீங்கள் தொடர்ந்து தவறவிட்டீர்கள். உங்கள் முகத்தைப் பார்க்க எங்களால் முடியவில்லை. நாங்கள் மூவரும் கார் நிறுத்துமிடத்தில் பேசி முடிவு செய்தோம்."

அந்த ஞாயிற்றுக்கிழமை எனக்கு ஞாபகமில்லை. அதே மாதத்தில் நூற்றிருபது கெஜத்திலிருந்து ஒரே அடியில் குழியை ஒட்டிக் கொண்டுபோய் நிறுத்தியது மட்டும் காற்று எந்தப் பக்கம் அடித்தது என்பது உட்பட ஞாபகமிருக்கிறது. எங்களைப் போன்ற ஆட்டக்காரர்களின் மூளை இப்படித்தான் வேலை செய்கிறது. தொண்ணூறு தடவை அடித்ததில் மூன்று நல்ல அடியை எடுத்து வைத்துக்கொண்டு, நான் இப்படித்தான் ஆடுவேன் என்று வருஷக்கணக்கில் நம்புகிறது.

அடுத்த கேள்வியைக் கேட்கும்போது என் குரல் எனக்கே வேறு மாதிரிக் கேட்டது. "ஓங், நீங்கள் மூவரும் என் கிளினிக்குக்கு வருவதை நிறுத்தினீர்களே. வீட்டுக்குப் பக்கத்தில் வேறு டாக்டர் இருக்கிறார் என்று சொன்னீர்கள்."

"ஹாஷிமுக்கு நீங்கள் ஊசி போட்ட பிறகு, டாக்டர்." அவர் மிக மெதுவாகச் சொன்னார். "அவன் உதடு ஒரு வாரம் வீங்கியிருந்தது."

ஹாஷிம் தலையை ஆட்டிவிட்டான். அப்படித்தான் நான் நினைத்து வைத்திருந்தேன். ஊசி போடும்போது மனுஷன் தலையை ஆட்டிவிட்டான் என்று. மணல் புதுசு என்று நேற்றுச் சொன்னேனே, அதே மாதிரி.

பஸ் நகர்ந்தது. பூக்காரம்மா சத்திரத்தில் கூடையை வாங்கிக்கொண்டபோது என் முகத்தைப் பார்த்து, "உடம்பு சரியில்லையா தம்பி? ஒரு டீ குடிங்க" என்றார். குடித்தேன். இஞ்சி தூக்கலாகப் போட்ட டீ. கடைசியாக நான் பல் பிடுங்கியது யாருக்கு என்று யோசித்துப் பார்த்தேன். மாமனார் ஞாபகம் வந்தார். ஒரு மந்திரியின் தம்பி ஞாபகம் வந்தார். இந்த வருஷத்தில் ஒருவர்கூட ஞாபகத்துக்கு வரவில்லை. எத்தனையோ பேரில் யாரை ஞாபகம் வைத்துக்கொள்வது என்று சமாதானம் செய்துகொண்டேன். சமாதானம் ஆகவில்லை. இவர்களில் எத்தனை பேர் உதடு வீங்கிப் போனார்களோ?

அன்று மாலை கமலாவிடம் சொல்ல இரண்டு முறை வாயைத் திறந்தேன். அவள் கோயில் பிரசாதத்தை இலையில் பிரித்து வைத்து, "நாளைக்கு உங்க கையால ஆரம்பிக்கிறா நம்ம புள்ள, இதைச் சாப்பிடுங்க" என்றாள். வாயில் போட்டுக்கொண்டேன், பேச்சு உள்ளே போய்விட்டது.

வெள்ளிக்கிழமை காலை ஒன்பதரை மணி. கிளினிக்கில் மாவிலைத் தோரணம், சாம்பிராணிப் புகை, புது நாற்காலியின் பிளாஸ்டிக் உறையின் வாசனை. கட்டடத்தின் சொந்தக்காரர் ரங்கராஜன் பளிச்சென்று திருமண் இட்டுக்கொண்டு வந்து, "பெருமாள் அனுக்கிரகத்துல சகலமும் க்ஷேமமா நடக்கும், ஸ்வாமி" என்று எனக்குக் கை கூப்பினார். உறவுக்காரர்கள் பத்துப் பேர் வாசலில் எட்டிப் பார்த்தார்கள். "பத்தரைக்கு ராகு காலம், சட்டுனு ஆரம்பிங்க மச்சான்" என்று சேகர் அவசரப்படுத்தினான்.

அன்வர் பாய் வரமாட்டார் என்று நான் மனதார நம்பியிருந்தேன். என் கையை அவ்வளவு பக்கத்தில் பார்த்த மனிதர் வருவாரா? பல்லைப் பத்தி அப்புறம் பாக்கலாம் என்று ஒரு போன் வரும், நான் தப்பித்துவிடுவேன். பாயோ வெள்ளைச் சட்டையில் அத்தர் மணக்கப் படியேறி வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, நேராகப் போய் நாற்காலியில் படுத்தார். என்னைப் பார்த்துத் தலையசைத்தார். வாயைத் திறந்தார்.

நித்யா ஊசியை என் கையில் கொடுத்தாள். விளக்கு வெளிச்சத்தில் கையைப் பார்த்தேன். கல் மாதிரி நின்றது. கொஞ்சம்கூட நடுக்கம் இல்லை. அந்த நிமிஷத்தில்தான் எனக்கு நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. ஏழாவது குழியிலும் இப்படித்தானே நின்றது, கடைசி அரை நொடி வரைக்கும். என் கை நிற்கிறது என்று என் கண்ணே சொன்னாலும் இனி என்னால் நம்ப முடியாது. பாயின் கண்கள் என் கையிலேயே இருந்தன.

ஊசியைத் தட்டில் வைத்தேன்.

"நித்யா, நீயே பண்ணும்மா. என் கை சரியில்ல. கடைசி நேரத்துல துள்ளுது. எனக்கே தெரியாம துள்ளுது."

சேகரின் முகம் இருண்டது. "மச்சான், நல்ல காரியத்துல என்ன பேச்சு இது? கோல்ஃபுல நாலு பந்து போகலேன்னா அதுக்கும் இதுக்கும் என்ன? மொதப் பல்லே இப்படி ஆனா பாக்கறவங்க என்ன நெனைப்பாங்க?"

கமலா என்னையே பார்த்தாள். அவள் கண் கலங்கியிருந்தது. எனக்கு அவமானமாக இருந்தது. தரை பிளந்து உள்ளே போய்விடலாம் போல இருந்தது. கண்ணை எங்காவது திருப்பப் பாயைப் பார்த்தேன். அவர் எழுந்து உட்கார்ந்திருந்தார்.

"பாய், புதன்கிழமை என் கையைப் பார்த்தீங்கல்ல?"

"பாத்தேன் டாக்டர். ஏழு குழிலயும் பாத்தேன்."

"பார்த்துட்டும் எப்படி வந்து வாயைத் திறந்தீங்க?"

"நீங்க சொல்லிடுவீங்கன்னு தெரியும்" என்றார் அவர், மழை வரும் என்று சொல்வது போல. "சேகர் சார் ஆறுன்னாரு. நீங்க எட்டுன்னீங்க. நான் பதினாறு வருஷம் பெரிய பெரிய ஆளுங்க ஆடுறதைப் பாத்தவன். யாரும் பாக்கலேன்னா எட்டை ஆறாக்காத ஆளு கொஞ்சம்தான்."

"அது கோவத்துல சொன்னது பாய். நேர்மையால இல்ல."

"கோவத்துல வந்தா உண்மை இல்லாம போயிருமா? அந்தப் புள்ளைகிட்ட குடுங்க ஊசிய. எனக்கு ஜும்ஆத் தொழுகைக்குப் போகணும்."

நித்யா என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு கையுறையை இழுத்து மாட்டிக்கொண்டு, "மாமா, லைட்டைக் கொஞ்சம் கீழ இறக்குங்க" என்றாள். இறக்கினேன். பாய் கண்ணை மூடவில்லை. மணி பத்துப் பத்துக்குப் பல் தட்டில் விழுந்தது. "ஆச்சா?" என்றார் பாய் பஞ்சைக் கடித்துக்கொண்டே. வாசலில் யாரோ "புள்ளைக்கும் கைராசிதான்" என்றார்கள். சேகர் இன்னும் என் பக்கம் திரும்பவில்லை, ஆனால் முகம் கொஞ்சம் தெளிந்திருந்தது.

எல்லோரும் காபி குடிக்கும்போது நான் மொட்டை மாடிக்குப் போனேன். எதிரே ராஜகோபுரம், கீழே அம்மா மண்டபத்துக்குப் போகும் ஆட்டோக்கள். ஈப்போவில் நானும் இளைய டாக்டர் ஒருவரும் பார்த்துக்கொள்ளும் என் கிளினிக்கைக் கூப்பிட்டேன். என்னோடு இருபத்திரண்டு வருஷமாக வேலை செய்யும் நர்ஸ் லிம் எடுத்தார்.

"லிம், திங்கட்கிழமையிலிருந்து என்னிடம் ஊசி போட வேண்டியவர்கள், பல் பிடுங்க வேண்டியவர்கள் எல்லோரையும் சின்ன டாக்டரிடம் மாற்றிவிடுங்கள். என் கையை ஒரு நரம்பு டாக்டரிடம் காட்ட வேண்டும். அதுவரைக்கும் நான் யாருடைய வாயிலும் ஊசி வைக்கப்போவதில்லை."

"மாற்றுவதற்கு யாரும் இல்லை, டாக்டர்" என்றார் லிம்.

"ஏன், திங்கட்கிழமை கூட்டம் இல்லையா?"

"கூட்டம் இருக்கிறது. உங்களுக்குச் சுத்தம் செய்வது, பல் செட் அளவெடுப்பது எல்லாம் இருக்கிறது. ஊசி போட வேண்டியவர்களை நான் உங்கள் பட்டியலில் எழுதுவதில்லை. ஹாஷிம் ஐயா வந்துவிட்டுப் போன அன்றைக்கு அடுத்த நாளிலிருந்து."

இத்தனை காலமும் பல் பிடுங்கிக்கொண்டிருப்பதாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

"அப்படியானால் அதற்குப் பிறகு நான் யாரையும்..."

"இல்லை, டாக்டர். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை."

என் கண்ணில் நீர் வந்துவிட்டது. கோபமும் வந்தது. "ஏன் லிம் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை?"

லிம்முக்குப் பின்னால் யாருக்கோ பல் சுத்தம் செய்யும் இயந்திரத்தின் சத்தம் கேட்டது.

"நீங்கள் இன்றைக்குத்தானே டாக்டர் கேட்கிறீர்கள்" என்றார்.